பெர்பெத்துவா, பெலிசித்தி நினைவு: மார்ச் 6-ஆ, 7-ஆ?

விசுவாசத்துக்காக உயிர்நீத்த புனிதர்கள் பெர்பெத்துவா, பெலிசித்தி நினைவு, பழைய கத்தோலிக்கப் பூசைப் புத்தகத்தில் மார்ச் 6, புதிய நாட்காட்டியில் 7. எதைத் துண்டறிக்கையில் போடுவது, குருவின் திருவுடை மறைசாட்சிகளுக்குரிய சிவப்பா என்று கேட்டிருந்தீர்கள். 7-ஐயே போடுங்கள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் அவர்கள் கொல்லப்பட்டது 203 மார்ச் 7. அன்று புனித தாமஸ் அக்குவினாஸ் விழாவும் இருந்ததால் 1908-இல் இவர்களை 6-க்கு மாற்றினார்கள். 1969 நாட்காட்டிச் சீரமைப்பில் அக்குவினாஸ் ஜனவரி 28-க்குப் போனார். இவர்கள் 7-க்கே திரும்பினார்கள்.

நிறத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மறைசாட்சிகள் என்றாலும், மார்ச் 7 பெரும்பாலும் தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) விழுவதால், அக்காலத்துக்குரிய ஊதாதான். திருக்குழும மன்றாட்டை (பூசையின் தொடக்க மன்றாட்டு) மட்டும் புனிதர்களுடையதாக எடுக்கலாம். வாசகங்கள், மற்ற மன்றாட்டுகள் எல்லாம் அந்தத் தவக்கால நாளுக்குரியவை. ஞாயிறு என்றால் அதுவும் கிடையாது.

கைதானபோது இருவரும் திருமுழுக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்கள். இதைக் கட்டாயம் சேருங்கள், ஞானோபதேச வகுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கு மனதில் தைக்கும்.