தூரம் ஒன்று, நேரம் வேறு: விமானப் பயணக் கேள்வி பதில்

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழுதான். தூரம் மாறாதபோது நேரம் எப்படி மாறும்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஹீத்ரோவுக்கும் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே சுமார் 5,550 கி.மீ. போகும்போதும் வரும்போதும் அதே தூரம்தான். மாறுவது காற்று. பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றாறு ஓடுகிறது. விமானம் அதில் மிதக்கும் படகு மாதிரி. படகின் வேகத்தோடு ஆற்றின் வேகமும் சேரும், எதிரே போனால் கழியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்று 100 என்று வையுங்கள். கிழக்கே வரும்போது தரையைப் பொறுத்து 1,000, ஐந்தரை மணி நேரம். மேற்கே போகும்போது 800, ஏழு மணி நேரம். 2020 பிப்ரவரியில் பலத்த காற்று வீசிய ஓர் இரவில் ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஐந்து மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது!

கேள்வி: தூரத்தை வேகத்தால் வகுத்தால் வருவதைவிட டிக்கெட்டில் அதிகம் இருக்கிறதே?

பதில்: டிக்கெட்டில் இருப்பது கேட்டிலிருந்து கேட் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது, தாமதத்துக்கென விடும் இடைவெளி எல்லாம் அதில் அடக்கம். வகுத்த விடையோடு அரை மணி முதல் முக்கால் மணி வரை கூட்டினால் ஓரளவு சரியாக வரும்.

கேள்வி: வரைபடத்தில் நேர்கோடு போட்டால் அட்லாண்டிக்கைத் தாண்டும் பாதை. ஆனால் லண்டன்–லாஸ் ஏஞ்சல்ஸ் விமானம் கிரீன்லாந்துப் பக்கம் சுற்றிப் போகிறதே?

பதில்: அது சுற்று இல்லை, குறுக்குவழி. வீட்டில் பூமி உருண்டை இருந்தால் இரண்டு ஊரையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நூல் தானாகவே வடக்கே ஏறும். உருண்டையைத் தட்டையாக்கிய வரைபடம்தான் நம்மை ஏமாற்றுகிறது.

கேள்வி: அப்படியானால் எப்போதும் அந்த நூல் வழியேதான் பறப்பார்களா?

பதில்: முடிந்தவரை. காற்று, புயல், வான்வெளித் தடை எல்லாம் பாதையை வளைக்கும். ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணி நேரம் போல இருந்தது. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடியபின் சுமார் பதின்மூன்று ஆனது. விமான நிலையங்கள் நகரவில்லை, பாதைதான் நீண்டது.

கேள்வி: நியூயார்க்கில் இரவு 8 மணிக்குப் புறப்பாடு, லண்டனில் காலை 8 மணிக்கு வருகை. பன்னிரண்டு மணி நேரப் பயணமா?

பதில்: இல்லை, ஏழு. இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். லண்டன் வழக்கமாக ஐந்து மணி நேரம் முன்னே இருக்கும், அதைக் கழித்துவிடுங்கள்.

கேள்வி: ஒரே பாதைக்கு ஓரிடத்தில் 3,450 மைல், வேறோரிடத்தில் 3,000 என்று போட்டிருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும்தான். முதலாவது சாதாரண மைல், அடுத்தது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; விமானிகள் பேசுவது அதில்தான்.