‘நெட் வரலை சார்!’ – கணினி கேள்வி பதில்

ஏழெட்டு வருடமாக வைத்திருக்கும் மேசைக் கணினி. பத்து நாளாக எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று வருகிறது. வங்கி, ரயில் டிக்கெட், மின் கட்டணம் எதுவும் திறக்கவில்லை. அதே வைஃபையில் என் போனில் எல்லாம் ஓடுகிறது. கடைக்காரர் வைரஸ் என்கிறார், விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டுமாம். கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

கொஞ்சம் பொறுங்கள் சார். போனில் வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியென்றால் வெளியிலிருந்து வரும் ஒயர், மோடம், நெட் கம்பெனி எல்லாரையும் விட்டுவிடலாம், கோளாறு கணினிக்குள்தான் இருக்கிறது. இப்போது திரையின் வலது பக்கக் கீழ் மூலையைப் பாருங்கள். தேதி என்ன காட்டுகிறது? நாலைந்து வருடம் பின்னால் போய், ஜனவரி 1 என்று நிற்கிறதா? நின்றால் வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை.

நடப்பது இதுதான். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் தான் யார் என்று காட்ட ஒரு சான்றிதழை நீட்டும். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று போட்டிருக்கும். உங்கள் கணினியோ இன்னும் பழைய வருடத்திலேயே உட்கார்ந்திருப்பதால், ‘இது இன்னும் அமலுக்கே வரவில்லையே, ஏதோ போலி’ என்று கதவை மூடிவிடுகிறது. தேதியைத் திருத்திவிட்டு பிரவுசரை மூடித் திறங்கள், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

ஆனால் நாளைக் காலை ஆன் செய்தால் மறுபடி பழைய குருடி கதவைத் திறடிதான். கணினி அணைந்திருக்கும்போதும் மணி பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே எல்லாம் சொருகியிருக்கும் பெரிய பலகையான மதர்போர்டில் ஒரு பேட்டரி இருக்கிறது, பழைய எட்டணாக் காசு மாதிரி வட்டமாக, வெள்ளையாக. அது தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், 3 வோல்ட், சில பத்து ரூபாய்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பேட்டரியின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கிளிப்பை நகத்தால் தள்ளினால் துள்ளிக்கொண்டு வெளியே வரும். எழுத்து இருக்கும் பக்கம் மேலே தெரியும்படி புதியதை அமுக்கவும். நம் வீடுகளில் இந்த பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கு ஒரு காரணம், வேலை முடிந்ததும் சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைத்துவிடுவது. கரண்ட் இருக்கும் வரை மதர்போர்டு அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பேட்டரியைத் தின்னும். அதற்காக இடி மின்னலில் சுவிட்சைப் போட்டே வைக்காதீர்கள், பேட்டரியை விட மதர்போர்டு விலை அதிகம்.

தேதி சரியாக இருந்தும் அதே எச்சரிக்கை வந்தால், ஆன்டிவைரஸைச் சற்று நிறுத்தி ஒரு செய்தித் தளத்தைத் திறந்து பாருங்கள், சில ஆன்டிவைரஸ்கள் நடுவில் புகுந்து குழப்பும். எச்சரிக்கைக்குக் கீழே ‘பரவாயில்லை, தொடர்க’ என்று ஒரு வழி இருக்கும், வங்கித் தளத்தில் மட்டும் அதை அமுக்கவே அமுக்காதீர்கள்.

பீரோவை இடம் மாற்றியதிலிருந்து நெட் போய்விட்டது. மோடத்தில் எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டுகிறது. இருபது தடவை ஆஃப் செய்து ஆன் செய்தாச்சு.
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

இருபத்தொன்றாவது தடவை வேண்டாம் அம்மா. அந்தச் சிவப்புக்கு அர்த்தம், ஒயரில் வர வேண்டிய வெளிச்சம் பெட்டிக்கு வந்து சேரவில்லை என்பது. ஃபைபர் ஒயருக்குள் இருப்பது செம்பு இல்லை, கண்ணாடி இழை. தலைமுடி கனம்தான் இருக்கும், அதிலும் வெளிச்சம் ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. டிவி ஒயர் மாதிரி மடக்கினால் அந்த மடிப்பிலேயே வெளிச்சம் கசிந்து போய்விடும், பீரோக் கால் ஏறினால் இழையே ஒடிந்துவிடும்.

எனக்கும் இது நடந்தது. வெள்ளையடித்தபோது தொங்கிக்கொண்டிருந்த ஒயரை அழகாக நாலாக மடித்து ரப்பர் பேண்டு போட்டு வைத்தேன். இரண்டு நாள் கஸ்டமர் கேரோடு சண்டை. மூன்றாம் நாள் வந்த லைன்மேன் ரப்பர் பேண்டை மட்டும் உருவினார், விளக்கு பச்சைக்கு மாறியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

பீரோவுக்குப் பின்னால் ஒயர் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். மிச்ச ஒயரைச் சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டமாகச் சுற்றி, இறுக்காமல் மாட்டுங்கள். பெட்டியில் சொருகியிருக்கும் பச்சை முனை நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். கழற்றினால் நுனியை விரலால் தொடாதீர்கள், உள்ளே எட்டிப் பார்க்கவும் வேண்டாம், அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத வகை. அப்படியும் சிவப்புதான் என்றால் லைன்மேன்தான் வர வேண்டும், உடைந்த இழையை ஒட்ட அவரிடம்தான் மெஷின் இருக்கிறது. வந்தால் ‘பவர் எவ்வளவு காட்டுது’ என்று கேளுங்கள், பெட்டிக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் பலம் அது. மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி, மைனஸ் 27ஐத் தாண்டி 28, 29 என்று போனால் இன்றைக்கு வந்தாலும் நாளைக்குத் தகராறு செய்யும். தெருவில் எங்காவது அணில் கடித்திருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

300 எம்பிபிஎஸ் பிளான். வைஃபையை நம்பாமல் ஒயரே இழுத்துக் கணினியில் சொருகியிருக்கிறேன். ஸ்பீடு டெஸ்ட்டில் எப்போதும் 94தான். ஏமாற்றுகிறார்களா?
– ஒரு வாசகர், ஓசூர்

எப்போதும் 94 என்கிறீர்களே, அந்த ‘எப்போதும்’தான் துப்பு. கம்பெனி பக்கம் நெரிசல் என்றால் வேகம் ராத்திரி ஒன்று, காலையில் ஒன்று என்று ஆடும். ஆடாமல் 94, 95இல் நின்றால் இணைப்பு 100இல் பூட்டிக்கொண்டது என்று அர்த்தம், மிச்சம் ஐந்தாறு தகவலைப் பொட்டலம் கட்டி விலாசம் ஒட்டுவதிலேயே போய்விடும். லேன் ஒயருக்குள் எட்டு கம்பிகள் உண்டு. 100க்கு நாலு போதும், 1000க்கு எட்டும் வேண்டும். ஒன்று அறுந்திருந்தாலும், ஒயர் முனையில் இருக்கும் கிளிப்பில் சரியாகப் பதியாவிட்டாலும், கணினியும் மோடமும் தமக்குள் பேசி 100க்கு இறங்கிவிடும், உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாது. மோடத்தோடு வந்த குட்டி ஒயரைச் சொருகிப் பாருங்கள். வேகம் ஏறினால் நீங்கள் இழுத்த ஒயரின் கிளிப்பை வெட்டிப் புதிதாக அடிக்க வேண்டும். ஏறாவிட்டால் கணினியில் ஒயர் சொருகும் போர்ட்டே பழைய 100 வகையாக இருக்கலாம், மோடத்திலும் சிலவற்றில் ஒரே ஒரு போர்ட்தான் வேகமானது, மாற்றிச் சொருகிப் பாருங்கள்.

நெட் மெதுவாக இருக்கிறது என்று புகார் கொடுத்தேன். மறுநாள் ஒருவர் போன் செய்து, எனிடெஸ்க் போடுங்கள், நானே சரிசெய்கிறேன், முதலில் பத்து ரூபாய் கட்டுங்கள் என்றார். கட்டலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மன்னார்குடி

கட்டாதீர்கள் சார், போனையும் வைத்துவிடுங்கள். எனிடெஸ்க் என்பது உங்கள் திரையை அவர் அங்கிருந்தே பார்க்கவும் இயக்கவும் விடும் செயலி. லைன் கோளாறைப் பார்க்க உங்கள் திரை எதற்கு? நெட் கம்பெனிக்குத் தேவையானது அவர்கள் ஆபீஸிலேயே தெரியும். அந்தப் பத்து ரூபாய், நீங்கள் கார்டு எண்ணையும் ஓடிபியையும் தட்டுவதை அந்த மோசடிக்காரர் பார்ப்பதற்குத்தான். ஏற்கெனவே எனிடெஸ்க் போட்டிருந்தால் நெட்டைத் துண்டித்துவிட்டு அதை நீக்குங்கள், வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள்.