பெத்தவர் சொன்னா 19 வயசுப் பையனுக்கு பீர் ஊத்தலாமா?

கானாடுகாத்தான் ஹோட்டல் பார்ல சூப்பர்வைசரா இருக்கிற தம்பி கேட்டிருக்கீங்க: கல்யாணத்துக்கு வந்து தங்குன குடும்பம், 19 வயசுப் பையன், "நான் பெத்தவன் சொல்றேன், ஊத்துங்க"ன்னு அவன் அப்பச்சி (அப்பா). இதானே சிக்கல்? ஊத்தாதீங்க.

தமிழ்நாட்டுல 21 வயசு முடியணும். பெத்தவர் சம்மதிச்சா பரவாயில்லங்கற விலக்கே கிடையாது. பாண்டிச்சேரியில 18, அதை வச்சு பையன் வாதாடுவான்; காதுல வாங்காதீங்க. ஆதார்ல வருஷத்தை மட்டும் பார்த்துக் கழிக்காம, பொறந்த தேதியே தாண்டிருச்சான்னு பாருங்க. அப்பா தன் பேர்ல ரெண்டு பீர் சொல்லி ஒண்ணைப் பையன் பக்கம் நகர்த்துறது பழைய வித்தை. அது கண்ணுல பட்டா அடுத்த ஆர்டரை எடுக்காதீங்க.

எப்படிச் சொல்றதுங்கறதுதான் கஷ்டம். சம்பந்திமார் முன்னால மறுத்தா அவருக்கு மானப் பிரச்சனை ஆயிரும். ரிசப்ஷன் பக்கம் தனியா கூப்பிட்டு, "ஐயா, பிடிபட்டா லைசென்ஸே போயிரும், எங்க வேலையும் போயிரும்"னு தணிஞ்ச குரல்ல சொல்லுங்க. பையனுக்கு ஐஸ் போட்டு நன்னாரி சர்பத் அனுப்பிருங்க, கிளாஸ் கையில இருந்தா பாதிச் சண்டை ஓஞ்சிரும்.

வளவுல, அதாவது வீட்டு நடு முற்றத்துல, உக்காந்து குடிக்கலாமான்னும் கேட்டிருந்தீங்க. லைசென்ஸ் வரைபடத்துல அந்த இடம் இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா வேணாம்.

இன்னொண்ணு, நீங்க கேக்கலை: அந்த அப்பாவே ராத்திரி திருமயம் வரைக்கும் கார் ஓட்டப் போறாரா? 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா கேஸ்தான். முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ 6 மாசம் வரை ஜெயிலோ, ரெண்டுமோ வரலாம். பில் கொடுக்கறப்பவே டிரைவர் இருக்காரான்னு கேட்டுருங்க.