கணக்குப் பாடம் வந்தால் கொப்பியைக் கிழிக்கிறான்

கேள்வி: மகன் தரம் 3. வகுப்பில் கொப்பியைக் கிழித்து, பக்கத்துப் பிள்ளைக்கும் அடிக்கிறான். ரீச்சர் வெளியே நிறுத்துகிறார். வீட்டில் தகப்பன் பூவரசந்தடி எடுக்கிறார். ஒன்றும் சரிவரவில்லை.
– ஒரு தாய், கண்டாவளை

பதில்: தடியை இன்றே எறிந்துவிடுங்கள் அம்மா. அடி அந்த நேரம் அடக்கும். வேறு என்ன செய்யவேண்டுமென்று சொல்லித்தராது.

பத்துப் பள்ளி நாட்களுக்கு ரீச்சர் ஒரு தாளில் மூன்று விடயம் குறிக்கட்டும்: முன்னே என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. பெரும்பாலும் கணக்கு நேரத்தில்தான் என்றால் காரணம் தெளிவு. வெளியே நிறுத்தினால் கணக்கிலிருந்து தப்புகிறான். நாம் தண்டனை என்று நினைப்பது அவனுக்கு விடுதலை.

பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று கொடுங்கள். முடியாதபோது மேசையில் வைக்க ஒரு சிவப்பு மட்டை கொடுத்து, அமைதியாக இருக்கும் நேரத்தில் பழக்குங்கள். மட்டையைக் கண்டதும் ரீச்சர் உடனே போகவேண்டும். தாமதித்தால் பழைய வழிக்கே திரும்புவான். இரண்டு நிமிட ஓய்வு கொடுக்கலாம், ஆனால் மிச்சக் கணக்கைச் செய்யத் திரும்பி வரவேண்டும். “கெட்டிக்காரன்” என்பதைவிட “மட்டை வைத்துக் கேட்டாய், நல்லது” என்பது பலன் தரும்.

முதல் வாரத்தில் குழப்படி கூடலாம். பயந்து விட்டுக்கொடுத்தால், பலமாக அடித்தால் கிடைக்கும் என்று படித்துவிடுவான்.

கண், காது, காலைச் சாப்பாடு, நித்திரை எல்லாவற்றையும் பாருங்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தினால் மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிச்செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.