நீஸும் பெருந்துறையும்

வணக்கமுங்க ஐயா,

பெருந்துறையிலிருந்து எழுதுகிறேன். விசைத்தறிகளுக்கு நூல் வாங்கி விற்கிற தொழில். வாசிப்பெல்லாம் ராத்திரி கடை சாத்தின பிறகுதான். மகளும் மருமகனும் பிரான்சில் நைஸ் என்கிற ஊரில் வேலையாக இருக்கிறார்கள். டிசம்பர் கடைசியில் மகளுக்குப் பிரசவம். நானும் வீட்டுக்காரியும் டிசம்பர் முதல் வாரம் போகிறோம். தொண்ணூறு நாள் விசா.

ஊரில் இந்தச் சேதியைச் சொன்னதிலிருந்து ஒரே கேலி. “கேன்ஸ் பட விழா நடக்கற பக்கமாமே, மச்சானுக்குக் கோட்டு தெக்கக் குடுத்தாச்சா?” என்கிறார்கள். யூட்யூபில் பார்த்தால் படகும் காரும் சூதாட்ட மாளிகையும்தான். “அங்க போயி நாம எந்த மூலைல நிக்கறது?” என்று வீட்டுக்காரி கேட்கிறாள். எனக்கும் உள்ளுக்குள் அதே கூச்சம்தான். நாலு புத்தகம் படித்துவிட்டுப் போனால் கொஞ்சம் தைரியமாக இருக்கும் என்று தோன்றுகிறது. தமிழ் தங்கு தடையில்லாமல் வரும். இங்கிலீஷ் என்றால் அகராதி பக்கத்தில் வேண்டும். தஸ்தயெவ்ஸ்கியின் ‘சூதாடி’ படித்திருக்கிறேன், அது அந்தப் பக்கத்துக் கதைதானே? வேறென்ன படிக்கலாம்?

க.
பெருந்துறை

*

அன்புள்ள க.,

மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும். அடுத்தது உச்சரிப்பு. ஊர் நீஸ், பட விழா நடக்கிற ஊர் கான். அந்த விழா மே மாதம். நீங்கள் போகிற குளிரில் அங்கே எந்த நடிகையும் இருக்கமாட்டார், கோட்டு தைப்பதானால் குளிருக்குத் தையுங்கள். ‘சூதாடி’ அந்தப் பக்கத்துக் கதை இல்லை. தஸ்தயெவ்ஸ்கி அதை ஜெர்மனியில் ரூலெட்டன்பர்க் என்றொரு கற்பனை ஊரில் வைத்திருக்கிறார். 1866இல் அவர் அதைச் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்துக்காரி அன்னா எழுதிக்கொண்டிருந்தபோது, நீஸுக்குப் பக்கத்து மான்டி கார்லோவின் சூதாட்ட மாளிகை திறந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

உங்கள் மச்சான்மார் சொல்கிற பளபளப்புக்கு ஏறக்குறைய நூறு வயதுதான். அதற்கு முன்னால் அந்தக் கரை என்னவாக இருந்தது என்பதைப் பெருந்துறைக்காரருக்கு விளக்க ஒரு சொல் போதும்: சானடோரியம்.

அம்மாவைப் பெற்ற எங்கள் அமுச்சியின் தம்பி உங்கள் ஊர் டி.பி. சானடோரியத்தில் எட்டு மாதம் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அமுச்சி தூக்குப்போசியில் பாலும், துணியில் சுற்றிய நாட்டுக்கோழி முட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். நீளத் தாழ்வாரம். எல்லாக் கட்டிலும் வெளிப்பக்கம் பார்த்துக் கிடந்தன. யாரும் யாரோடும் பேசவில்லை, காற்றை வாங்கிக்கொண்டு படுத்திருந்தார்கள். மருந்தோடு மருந்தாக அந்த வறண்ட காற்றையும் நம்பித்தான் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் உங்கள் ஊருக்கு வந்தார்கள். ஐரோப்பாவின் பணக்காரர்கள் அதே நம்பிக்கையோடு நீஸுக்கும் கானுக்கும் மான்டோனுக்கும் போனார்கள். அவர்கள் கட்டிலுக்கு எதிரே கடல் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகையால் நான் சொல்லப்போகிற புத்தகங்களில் பாதி, நோயாளிகள் எழுதியவை.

முதலில் டோபையஸ் ஸ்மாலெட். ஸ்காட்லாந்துக்காரர், நாவலாசிரியர், படிப்பால் வைத்தியர். 1763இல் பதினைந்து வயதில் ஒரே மகள் இறந்துபோனாள். நெஞ்சுச் சளியும் இளைப்புமாக மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பியவர் நீஸில் ஒன்றரை வருடம் இருந்தார். ‘டிராவல்ஸ் த்ரூ பிரான்ஸ் அண்ட் இட்டலி’ 1766இல் வந்தது. கடிதங்களாக எழுதப்பட்டது. காப்புரிமை காலாவதியானது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு கடிதம், ஒரு ராத்திரி என்று வைத்துக்கொண்டால் அகராதியோடு கடந்துவிடலாம்.

கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து குறை சொல்கிற பெரியப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பாரல்லவா? இலை சரியில்லை, சாம்பார் ஆறிப்போச்சு, பந்தல்காரன் ஏமாத்திட்டான். ஸ்மாலெட் அந்தப் பெரியப்பா. சத்திரக்காரன் பில், ஈ, கொசு, வண்டிக்காரன், ஊராரின் சோம்பல், எதையும் விடமாட்டார். அதே காலத்து எழுத்தாளர் லாரன்ஸ் ஸ்டெர்ன் தன் புத்தகத்தில் இவருக்கு ‘ஸ்மெல்ஃபங்கஸ்’ என்று பட்டப்பெயர் வைத்துக் கிண்டலடித்தார். ஆனால் அதே ஆள் தோட்டங்களைப் பார்க்கும்போது குழைந்துவிடுகிறார். டிசம்பரில் ரோஜாவா, மரத்தில் ஆரஞ்சா என்று வாயைப் பிளக்கிறார். கடலில் இறங்கிக் குளித்து ஊராரைத் திகைக்க வைக்கிறார், நோயாளி கடலுக்குள் போவதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு மிகவும் பிடித்தது புத்தகத்தின் கடைசியில் இருக்கிற பட்டியல். நீஸில் இருந்த காலம் முழுக்க நாள் தவறாமல் காற்று எந்தப் பக்கம், வெயிலா மேகமா, வெப்பமானி என்ன காட்டியது என்று குறித்துவைத்திருக்கிறார். மகளைப் பறிகொடுத்த ஒரு மனிதர் ஒவ்வொரு நாளும் வானத்தைப் பார்த்து எழுதிய பேரேடு என்று அதைப் படித்துப் பாருங்கள்.

அவர் போனபோது நீஸ் பிரான்சில் இல்லை, சார்டீனிய அரசுக்குச் சொந்தம். 1860இல்தான் பிரான்சுக்குக் கைமாறியது. இந்த எல்லைதான் கானை உண்டாக்கியது. 1834இல் இங்கிலாந்தின் முன்னாள் லார்டு சான்சலர் ப்ரூம், நோயாளி மகளைக் கூட்டிக்கொண்டு இத்தாலிக்குப் போகிறார். காலரா என்று சொல்லி எல்லையில் தடுத்துவிட்டார்கள். பக்கத்து மீனவக் கிராமத்தில் தங்கியவருக்கு இடம் பிடித்துப்போக, நிலம் வாங்கி வீடு கட்டினார். அந்தக் கிராமம்தான் கான். நாம் 2020இல் பார்த்த க்வாரண்டைன்தான், அந்த முறை ஒரு நகரமே அதிலிருந்து முளைத்துவிட்டது.

இரண்டாவது பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான். 1888இல் வந்த ‘சுர் லோ’, இங்கிலீஷில் ‘அஃப்லோட்’. பெல்-அமி என்கிற தன் பாய்மரப் படகில் அந்தக் கரையோரம் போன சில நாட்களின் குறிப்பு. கானில் எங்கு திரும்பினாலும் இளவரசர்கள், அவர்களுக்குக் குனிந்து குனிந்து இடுப்பொடிகிறவர்கள் என்று நக்கலடித்துவிட்டு, அடுத்த மூச்சில் காசநோயால் அங்கே வந்து சாகிற இளம்பெண்களைப் பற்றி எழுதுகிறார். பூச்செடிகளுக்கு நடுவே ஒரு பெரிய இடுகாடு என்பது அவர் மனதில் இருக்கிற படம். நாலு வருடம் கழித்து, 1892 ஜனவரியில், அதே கானில் கழுத்தை அறுத்துக்கொண்டார். பிழைத்தார், ஆனால் பாரிஸ் மனநல விடுதியிலிருந்து உயிரோடு வெளியே வரவில்லை. பிரசவ வீட்டுக்குப் போகிறவருக்கு இதைச் சிபாரிசு செய்யலாமா என்று யோசித்தேன். பேரனோ பேத்தியோ பிறந்து ஒரு மாதம் போகட்டும், பிறகு எடுங்கள்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் உங்களுக்கு அறிமுகம் இருக்கும். அவரும் இந்தக் கும்பல்தான். நெஞ்சில் ரத்தம் வர, 1897இல் நீஸுக்குப் போய் ரஷ்யர்கள் தங்குகிற ஒரு விடுதியில் குளிர்காலத்தைக் கழித்தார். 1900 கடைசியில் மறுபடி அதே விடுதி. ‘மூன்று சகோதரிகள்’ நாடகத்தைத் திருத்தி முடித்தது அங்கேதான். நீஸைக் களமாக வைத்த பெரிய கதை எதையும் எனக்காக அவர் விட்டுப்போகவில்லை, ஆனால் தமிழில் கிடைக்கிற ‘நாய்க்காரச் சீமாட்டி’யைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். களம் யால்டா. ஓய்வுக்கென்று ஆட்கள் வந்து குவிகிற ஒரு கடற்கரை ஊரின் மாலை நேரத்தை, போவதற்கு வேலையில்லாமல் நடக்கிறவர்களின் நடையை அதைவிடத் துல்லியமாக எழுதியவர் இல்லை. நீஸில் நடைபாதையில் நிற்கும்போது அந்தக் கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

சிறுகதைக்காரர் காதரின் மான்ஸ்ஃபீல்டும் காசநோயோடுதான் மான்டோனில் இருந்தார். ‘மிஸ் பிரில்’ கதை அங்கே எழுதியது. ஆறேழு பக்கம். அதை உங்கள் வீட்டம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நமக்கு ஊட்டி பக்கத்தில் இருப்பதால் ஒரு சௌகரியம் உண்டு, இந்த மாதிரி ஊர்களின் உள்விவகாரம் சொல்லாமலே புரியும். கோயமுத்தூர் கலெக்டர் சல்லிவன் 1822 வாக்கில் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்குகிறார். ஏறக்குறைய அதே வருடங்களில் நீஸில் இங்கிலீஷ்காரர்கள் காசு சேர்த்து, பஞ்சத்தில் அடிபட்ட உள்ளூர் ஏழைகளுக்குக் கூலி கொடுத்து, கடலோரம் காற்று வாங்க ஒரு பாதை போட்டார்கள். இன்றைக்கு உலகமே படம் பிடிக்கிற அந்த நடைபாதைக்கு இன்னும் ‘இங்கிலீஷ்காரர் பாதை’ என்றுதான் பெயர். இங்கே வெயிலுக்குப் பயந்து மலை ஏறினார்கள், அங்கே குளிருக்குப் பயந்து கடலுக்கு இறங்கினார்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே மரத்தையும் கொண்டுபோனார்கள். பிப்ரவரியில் கானுக்குப் பக்கத்துக் குன்றெல்லாம் மஞ்சளாகப் பூத்திருக்கும். மிமோசா என்று சொல்லித் திருவிழாவே எடுப்பார்கள், ஒரு கொத்து காசு கொடுத்து வாங்கவேண்டும். கையில் வாங்கிப் பார்த்தால் நம்ம சீகை மரத்துப் பூ! ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நீலகிரியில் நட்டு, புல்வெளியை எல்லாம் விழுங்கிவிட்டது என்று வனத்துறை இன்றைக்கு வெட்டிக்கொண்டிருக்கிற அதே வாட்டில்.

அப்படியானால் பளபளப்பு எப்போது வந்தது? இதற்குத்தான் அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் நாவல் ‘டெண்டர் இஸ் த நைட்’, 1934. அதுவரை அங்கே சீசன் என்றால் குளிர்காலம். மே வந்தால் ஹோட்டல்களுக்குப் பூட்டு. 1923 கோடையில் மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதிக்காக, நீஸுக்கும் கானுக்கும் நடுவே ஆன்டீப் முனையில் ஒரு ஹோட்டல் சொற்ப ஆட்களோடு திறந்திருந்தது. பக்கத்தில் இருந்த சின்னக் கடற்கரையின் பாசியை ஜெரால்ட் மர்ஃபியே வாரி அள்ளினார். அள்ளின இடத்தில் பாய் விரித்து வெயிலில் படுத்தார்கள். அக்கினி நட்சத்திரத்தில் ஆசைப்பட்டு வெயிலில் படுப்பார்களா என்று நாம் கேட்போம், அன்றைக்கு அந்த ஊராரும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். நாவல் அந்தக் கடற்கரையில்தான் தொடங்குகிறது. முதல் பாகம் அற்புதம். அதற்குப் பிறகு காலம் முன்னும் பின்னும் போகும், அகராதியோடு படிக்கிறவருக்குக் கஷ்டம், பாதியில் விட்டாலும் பாவமில்லை.

பிரான்சுவாஸ் சகானின் ‘போன்ழூர் த்ரிஸ்தெஸ்’ நாவலை மகள் ஏற்கெனவே படித்திருப்பாள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் நாவலாசிரியர் கிரஹாம் கிரீன் ஆன்டீப்பில் ஒரு சின்ன அடுக்ககத்தில் வருடக்கணக்காக இருந்தவர், நீஸ் நகரத்து ஊழலைப் பற்றி 1982இல் ஒரு சிறு நூல் போட்டார். கோபம் நியாயமானது, புத்தகமாகச் சுமார். முழு வரலாறும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் மேரி ப்ளூம் 1992இல் எழுதிய ‘கோத் தாஸூர்’ போதும், அந்தக் கரையின் பிரெஞ்சுப் பெயர் அது.

என் குறை ஒன்று. இத்தனையும் வந்துபோனவர்கள் எழுதியவை. கட்டிலுக்கு வெந்நீர் கொண்டுவந்தவள், நீஸின் பையோன் ஆற்றுப்படுகையில் ஹோட்டல் துணி துவைத்தவள், அவர்கள் பக்கத்திலிருந்து எழுதிய ஒன்று என் கையில் கிடைக்கவில்லை. ஊட்டியைப் பற்றிய வெள்ளைக்காரர் புத்தகங்களைப் படிக்கும்போதும் இதே குறைதான்.

‘எந்த மூலைல நிக்கறது’ என்று கேட்ட வீட்டம்மாவிடம் சொல்லுங்கள்: 1890களில் விக்டோரியா ராணி நீஸில் தங்க வந்தபோது, அவரிடம் வேலை பார்த்த ஆக்ராக்காரர் அப்துல் கரீம் தலைப்பாகையோடு அந்த வீதிகளில் வண்டியில் போயிருக்கிறார். கடற்கரையில் மணல் கிடையாது, எல்லாம் கூழாங்கல். செருப்போடு போகச் சொல்லுங்கள். பழைய ஊர்ச் சந்தையில் சொக்கா என்று விற்பார்கள். கடலைமாவும் எண்ணெயும் தண்ணீரும் கரைத்து, பெரிய தாம்பாளத்தில் ஊற்றி விறகடுப்பில் வேகவைப்பது, முட்டை இல்லை. மிளகுத்தூள் தூவிக் கையில் கொடுப்பார்கள். நம் வீட்டுக் கடலைமாவு தோசையைக் கொஞ்சம் கருக விட்ட மாதிரி இருக்கும்.

பெட்டியில் எப்படியும் பாதி இடம் செலவு சாமானுக்குப் போய்விடும். மீதியில் செகாவை வையுங்கள், மற்றதெல்லாம் போனில் இறங்கும்.

இன்னொன்று. மகள் வீடு பழைய ஊர்ப் பக்கம் என்றால், பகல் சரியாகப் பன்னிரண்டுக்குக் கோட்டைக் குன்றிலிருந்து ஒரு வெடிச் சத்தம் கேட்கும். ஊர் சுற்றப் போன மனைவி சமையலுக்கு நேரத்தோடு திரும்பவேண்டுமே என்று 1860களில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் ஏற்பாடு செய்ததாகச் சொல்வார்கள். நம் பஞ்சாலைச் சங்கு மாதிரி ஊரே அதற்குப் பழகிவிட்டது. குழந்தையை மட்டும் பன்னிரண்டேகாலுக்கு மேல் தூங்கப் போடச் சொல்லுங்கள்.