மகளின் கேமராவுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: என் மகள் புகைப்படக் கலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். கேமராவுக்கென்று கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். அவள் கேட்பது ஃபுல் ஃப்ரேம் கேமரா. அதன் விலை என் சேமிப்பைப் போல இரண்டு மடங்கு. வட்டியில்லாத் தவணை இருக்கிறது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சேமிப்புக்குள்ளேயே நல்ல கேமரா கிடைக்கும். அதில் கொஞ்சம் மிச்சமும் பிடிக்கலாம்.

முதலில் தவணை. வட்டியில்லை என்று சொன்னாலும் செயல்பாட்டுக் கட்டணம் இருக்கிறதா, ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். வட்டி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதைவிட முக்கியம், கேமரா பாடி (லென்ஸ் நீங்கலான பகுதி) வாங்கிய அன்றே விலை இறங்கத் தொடங்கும் பொருள். தவணை முடிவதற்குள் புதிய மாடல் வந்துவிட்டால், கட்ட வேண்டிய பாக்கியைவிடக் கேமராவின் மறுவிற்பனை விலை குறைந்துபோகலாம்.

ஃபுல் ஃப்ரேம் என்பது 36க்கு 24 மில்லிமீட்டர் சென்சார், அதாவது படத்தைப் பதிவு செய்யும் சில்லு. அதற்கு அடுத்த சிறிய அளவான ஏபிஎஸ்-சி சுமார் 23.5க்கு 15.6. குறைந்த வெளிச்சத்தில் பெரிய சென்சார் சுத்தமான படம் தரும், மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் வருடத்தில் அவள் பழகப்போவது அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஷட்டர் வேகம் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்), அப்புறம் வெளிச்சத்தைப் பார்க்கிற கண். இவற்றைக் கையால் அமைக்கும் மேனுவல் மோடும், கேமரா திருத்தாத மூலப் படமான ரா ஃபைலும் இருந்தால் ஏபிஎஸ்-சி போதும். 24 மெகாபிக்சல் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டால் 20க்கு 13 அங்குலம் வரும். மாணவர் கண்காட்சிக்கு அது தாராளம். தவிர, ஃபுல் ஃப்ரேம் லென்ஸ்கள் பொதுவாக எடையும் விலையும் கூடியவை. செலவு பாடியோடு நிற்காது.

நானாக இருந்தால் செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆரைத்தான் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமரா) முதலில் தேடுவேன். கேனானும் நிக்கானும் 2018இல் அந்தக் கண்ணாடி இல்லாத ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸுக்காகப் புதிய லென்ஸ் மவுன்ட் (லென்ஸைப் பொருத்தும் அமைப்பு) கொண்டு வந்தன. பலரும் அந்தப் பக்கம் போய்விட்டதால் பழைய டிஎஸ்எல்ஆர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. கேனான் டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப் லென்ஸ்களை நாளை மிரர்லெஸ் வாங்கினாலும் அடாப்டர் போட்டு ஆட்டோஃபோகஸுடன் பயன்படுத்தலாம். நிக்கானில் ஒரு எச்சரிக்கை: டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இருக்கிறதா என்று பார்க்காமல் பழைய லென்ஸ் வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். ஆரம்பநிலை பாடிகளுக்கு 1,00,000 வரை ஆயுள் என்பது பொதுக் கணக்கு. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள், சிலந்தி வலை போலத் தெரியும். அப்பர்ச்சரை எஃப்16 என்ற சிறிய துளைக்கு வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் சென்சார் தூசு கறுப்புப் புள்ளியாக வந்துவிடும். திருப்பிக் கொடுக்கச் சில நாள் அவகாசம் தரும் கடை என்றால் கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்தாலும் தவறில்லை.

சேமிப்பில் பாதியைப் பாடிக்கும் கூட வரும் 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸுக்கும் ஒதுக்குங்கள். அடுத்தது 35 மில்லிமீட்டர் எஃப்1.8 போன்ற ஒரு பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாதது. ஏபிஎஸ்-சியில் அது ஏறக்குறைய சாதாரணக் கோணத்தைத் தரும். பலரும் பரிந்துரைக்கும் 50 மில்லிமீட்டர் இதில் ஃபுல் ஃப்ரேமின் 75, 80 மில்லிமீட்டர் போலக் காட்சியை நெருக்கிக் காட்டும். உருவப்படத்துக்கு நல்லது, சின்ன அறைக்குள் கஷ்டம்.

கணக்கில் விட்டுப்போவது மற்ற செலவுகள்தான். மெமரி கார்டு, உபரி பேட்டரி, ஆடாத டிரைபாட், ஹார்ட் டிஸ்க். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் ஒன்றே 25, 30 எம்பி பிடிக்கும். ஒரே நாளில் 300 படம் எடுத்தால் 8 ஜிபி போய்விடும். இரண்டு டிஸ்க்கில் பிரதி வைக்கச் சொல்லுங்கள்.

ஏதாவது பாடத்துக்கு ஃபுல் ஃப்ரேம் கட்டாயம் என்றால் அந்த நாளுக்கு வாடகைக்கு எடுக்கலாம். கல்லூரியே இரவல் தருகிறதா என்பதையும், குறிப்பிட்ட மாடல் வேண்டுமென்று அங்கே நிபந்தனை உண்டா என்பதையும் மகளிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். அந்தப் பதில் வரும்வரை கடைக்காரருக்கு முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.