பூட்டிக் கிடக்கும் மாளிகைகள்

கேள்வி: ஸ்லோவாக்கியக் கிராமங்களிலும் நம் செட்டிநாட்டு வீடுகளைப் போலப் பெரிய மாளிகைகள் பூட்டிக் கிடக்கின்றனவாமே, அங்கும் பங்காளித் தகராறுதான் காரணமா?
– வாசகர் ஒருவர், காரைக்குடி

பதில்: இல்லை, இங்கே ஒரே வீட்டில் பல புள்ளிகளுக்கு, அதாவது மணமாகித் தனிக் கணக்காய் நிற்கும் குடும்பங்களுக்கு, பங்கு இருப்பதால் ஓடு மாற்றக்கூட அனைவரும் இசைய வேண்டியிருக்கிறது, அங்கோ உரிமையாளர்களே இல்லாமற்போனார்கள். அவர்கள் ‘கஷ்டியேல்’ என்றழைக்கும் இம்மாளிகைகள், 1918 வரை அந்நிலத்தை உள்ளடக்கியிருந்த ஹங்கேரி அரசின் பிரபுக் குடும்பங்கள் தம் பண்ணை நிலங்களின் நடுவே கட்டியவை. செக்கோஸ்லோவாக்கியா உருவானதும் 1919-இல் வந்த நிலச்சீர்திருத்தம் வருமானத்தைக் குறைத்தது; 1945-க்குப் பிந்தைய பறிமுதல்களும் 1948-இல் அமைந்த கம்யூனிஸ்ட் ஆட்சியும் கட்டடங்களையே அரசுடைமையாக்க, பல மாளிகைகள் பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் கூட்டுறவுப் பண்ணை அலுவலகமாகவும் மாறின. நம் செட்டிநாட்டு வீட்டின் பர்மாத் தேக்குத் தூண்களுக்கிடையே தானிய மூட்டைகளை அடுக்கியதாக எண்ணிப் பாருங்கள்!

ஆயினும் எல்லாம் பாழாகவில்லை. ஆன்திராஷி குடும்பத்தின் பெட்லியார் மாளிகை, பழைய நூலகத்தோடும் அறைகலன்களோடும் அருங்காட்சியகமாக நிற்கிறது. திர்னாவா நகருக்கருகே டோல்னா க்ருப்பா கிராமத்து மாளிகை பிரன்ஸ்விக் குடும்பத்துடையது. அக்குடும்பத்துத் தெரேசாவுக்கே இசைமேதை பீத்தோவன் தம் 24-ஆம் பியானோ சொனாட்டா என்னும் இசைப்படைப்பைக் காணிக்கையாக்கினார். 1989-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்தபின் சில மாளிகைகள் பழைய உரிமையாளரின் வாரிசுகளிடம் திரும்பின. கூரை ஒழுகும் வீட்டைத் திரும்பப் பெற்றவர்களின் மலைப்பைச் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.